மூடிய கொட்டகையின் வாயில்கள்

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்துள்ள பேரூர் மம்சாபுரம். ஒருபுறம் கோயிலால் பெயர் பெற்ற ஊர். மறுபுறம் 1936-இல் தோன்றிய நூற்பாலையாலும் பருத்தித் தொழிலாலும் வளர்ந்த ஊர். இத்தகைய பேரூர்களிலும் அவற்றைச் சூழ்ந்த நகரங்களிலும் இன்று பூட்டிய நிலையில் காணப்படும் கட்டடங்களுள் ஒருவகை, பழைய திரைப்படக் கொட்டகைகள். சில கல்யாண மண்டபங்களாயின. சில பஞ்சுப் பொதிகளும் நெல் மூட்டைகளும் அடுக்கும் கிட்டங்கிகளாயின. நடுவில் தூணில்லாத அகன்ற கூடமும் முன்புறத்தே விரிந்த வெளியும் இருத்தலால் அவை இப்பயன்களுக்கு எளிதில் இசைந்தன.

திரைப்படம் நன்றா தீதா என்னும் வழக்கு இக்கட்டுரைக்குப் புறம்பானது. நாம் எடுத்துக்கொண்டது கட்டடத்தை மட்டுமே. அதிலும் குறிப்பாக, அதன் வாயில்களை.

தமிழகத்தில் திரைப்படம் தொடக்கத்தில் கட்டடமின்றியே வந்தது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். நிலையான அரங்கு பின்னரே வந்தது. 1913-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பார் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். வின்சென்ட் மறு ஆண்டே கோவையில் வெரைட்டி ஹாலை எழுப்பினார். எலெக்ட்ரிக் தியேட்டர் ஈராண்டளவே நடந்தது. பின் அஞ்சல் துறையின் கைக்கு மாறியது. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தினுள் அக்கட்டடம் பிழைத்து நின்று, அஞ்சல்தலை சேகரிப்போர் நாடும் இடமாகப் பயன்பட்டது. படம் காட்டிய காலத்தைப் போலப் பன்மடங்கு காலம் அஞ்சல்தலை விற்ற அரங்கு என அதனைக் கூறலாம். ஆயினும் நிலைத்தமைக்குக் காரணம் அதுவே. அரசுத் துறை ஒன்றின் பொறுப்பில் இராத கொட்டகைகளுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1952-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று 'பராசக்தி' படத்துடன் மதுரையில் திறக்கப்பெற்ற தங்கம் தியேட்டர், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர் பெருமை பேசுவர். அதுவும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஜவுளி மாளிகை எழுந்துவிட்டது.

பேரூர்க் கொட்டகையின் அமைப்பை அறியாத இளையோர்க்குச் சிறிது சொல்லுதல் வேண்டும். முதற்கண் கீற்றுக் கூரை வேய்ந்த டூரிங் டாக்கீஸ். மின்சாரம் எட்டாத ஊரில் எண்ணெய் எஞ்சின் ஓடும். ஒரே படக்கருவி இருப்பின், சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை வரும். மாட்டுவண்டியில் தட்டி கட்டி, பறை முழக்கி நோட்டீஸ் வீசுவர். சுவரொட்டிகள் பெரும்பாலும் அண்டையிலுள்ள சிவகாசியின் அச்சகங்களிலிருந்து வந்தவை. மாலை மயங்கியதும் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் இசைத்தட்டு ஒலிக்கும். பல ஊர்களில் அத்தட்டுகளுள் நாகூர் ஹனீஃபாவின் குரலும் ஒன்றாக இருந்தது.

பின்னர் வந்த கற்கட்டடங்களில் ஆப்பரேட்டர் அறையே கருத்தூன்றிக் காணத்தக்கது. 1950-களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, பற்றினால் அணைத்தற்கரியது. படக்கருவியின் ஒளியோ கரிக்கோல்கள் எரிந்து எழுவது. ஆகவே அவ்வறை தடித்த சுவரும், சிறு துளைகளும், துளையை மூடும் இரும்புப் பலகையும், புகைபோக்கியும் உடையதாயிற்று. 1918-இல் பிரித்தானிய அரசு இயற்றிய சினிமாட்டோகிராப் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று தணிக்கை. மற்றொன்று இவ்வகைத் தீயினின்று மக்களைக் காத்தல். சுதந்திரத்துக்குப்பின் 1955-ஆம் ஆண்டுச் சென்னை மாநிலச் சட்டமும் 1957-ஆம் ஆண்டு விதிகளும் கொட்டகையின் உரிமத்தை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தன. வாயில்கள் எத்தனை, அகலம் எவ்வளவு என்பன காகிதச் சடங்குகள் அல்ல. 1979-இல் தூத்துக்குடியில் கூரைக் கொட்டகை ஒன்று காட்சி நடக்கையிலேயே எரிந்து பலர் மாண்டனர்.

வாயிலுக்கு உயிர்காப்பின் வேறான பொருளும் உண்டு. ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரையரங்கே. அங்கு இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, பணம் என்பது அதன் சாரம். காலக்கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படமெனப்படும் 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபரில். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8-இல். கோயிற்கதவு திறக்குமுன் கொட்டகைக் கதவு காசுக்குத் திறந்துவிட்டது.

இக்கருத்தை நாம் பெரிதும் ஏற்கிறோம். முற்றும் ஏற்க இயலவில்லை. கூரை ஒன்றே, வாயில் பலவாயின. தரை, பெஞ்சு, சேர், சோபா என வகுப்புகள் பிரிந்தன. தரை டிக்கெட்டுக்குத் தனிச் சன்னல். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லத்தக்க குறுகிய சுவரிடை வழி. திரையின் அருகே தனிக் கதவு. சேர் டிக்கெட்டுக்காரர் முகப்பின் வழியாக நுழைவர். இருசாராரும் நேர்க்கு நேர் சந்தியாமலே உள்ளே சென்று வெளியேறலாம். பெண்டிர் பகுதிக்கு வேறு வாயிலும் இடைச்சுவரும் இருந்தன. ஊரில் நிலமும் கூலியும் சாதியை ஒட்டியே அமைந்திருந்தபடியால், காசு வகுத்த வரிசை பிறப்பு வகுத்த வரிசையை ஏறத்தாழ ஒத்தே இருந்திருக்கும். பள்ளிவாசலில் முதல் வரிசைக்கு முந்துவோரை அறிந்த நம் வாசகர்க்கு ஒன்று வியப்பளிக்கலாம்: கொட்டகையில் முன்வரிசையே மலிவானது.

எனினும் காசு கிடைத்தவன் சேரில் அமர்ந்தால் அவனை எழுப்பச் சட்டம் இடம் தரவில்லை. வாரக்கூலி பெற்ற ஆலைத் தொழிலாளி ஒருநாள் பெஞ்சுக்கு உயரலாம். இவ்விடைவெளி சிறிது, ஆனால் உண்மையானது. பொது இருக்கை எத்துணை எளிதில் பிணக்குக்கு உரியதாகும் என்பதை இம்மாவட்டமே பின்னர்க் காட்டியது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பெற்றபோது எதிர்ப்பு மூண்டு, தென்மாவட்டங்களில் உயிர்கள் பலியாயின. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சார்ந்த வீரனின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறுவதையே சிலர் இழிவெனக் கருதினர். அவ்வாண்டு ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களினின்றும் மாவட்டங்களினின்றும் தலைவர் பெயர்களை நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானதும் அப்போதுதான். ஒரே கூரையின்கீழ் அமர்தல் அறுபதாண்டுப் பழக்கத்துக்குப் பின்னும் உறுதிப்பட்டுவிடவில்லை.

கொட்டகைகள் மூடியதன் கதை பலரும் அறிந்தது, விரித்தல் வேண்டா. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி, அடுத்து வீடியோ, 1993-இல் தனியார் அலைவரிசை, கடந்த நூற்றாண்டு முடிந்தபின் எண்மப் படக்கருவியின் செலவு, 2017-இல் இரட்டை வரிச்சுமை, 2020-இல் நோய்த்தொற்றால் ஏழு மாதங்களுக்கும் மேற்பட்ட அடைப்பு. படம் பார்ப்போர் குறைந்துவிடவில்லை. அவரவர் வீட்டுக்குள், அவரவர் உறவினருடன் பார்க்கலாயினர். பெருநகரத்துப் பல்திரை அரங்கில் தரை டிக்கெட்டுக்காரன் இல்லை. அவனுக்கென ஒரு வாயிலும் இல்லை.

சென்னை, மதுரை, கோவைக் கொட்டகைகளைப் பற்றி நூல்களும் நாளேட்டுக் கட்டுரைகளும் உள்ளன. பேரூர்க் கொட்டகையைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆனால் அதற்கும் ஆவணம் உண்டு. உரிமம் கோரியோர் கட்டட வரைபடத்தை அளித்தல் வேண்டுமாதலால், எவ்வகுப்புக்கு எவ்வாயில் என்பது கோட்டுச் சித்திரமாக அரசுக் கோப்பில் இடம்பெற்றது. மம்சாபுரம் வட்டாரத்துக் கோப்புகளைத் தேடப் புகுவோர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். 1985-க்கு முன் இப்பகுதி ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமோ மதுரையில் இயங்கியது. தேடலை விருதுநகரில் தொடங்குவோர் பழைய தாள்களுக்கு மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் செல்ல நேரும். அதற்குமுன் செய்யத்தக்கது எளியது: மண்டபமாகவோ கிட்டங்கியாகவோ மாறிய கட்டடத்தின் பக்கச்சுவரருகே நின்று, செங்கல் வைத்து அடைத்த சிறு கதவுகளின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளல்.