குன்றல் பகுப்பும் ஒரு பழியும்

பள்ளிப் பாடநூல்கள் செல் பிரிதலை மைட்டாசிஸ், மியாசிஸ் என்று இரண்டாகச் சொல்கின்றன. பின்னதற்குத் தமிழில் குன்றல் பகுப்பு என்று பெயர். தமிழ் படித்தவள் என்பதால் அந்தக் 'குன்றல்' என்னை நிறுத்தியது. குன்றுவது எது?

காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் மைட்டாசிஸால். செல் தன் குரோமோசோம்களை ஒருமுறை இரட்டித்து, ஒருமுறை பிரிகிறது. 46 இருந்த செல்லிலிருந்து 46 கொண்ட இரண்டு செல்கள் வருகின்றன. மியாசிஸ் கருமுட்டையும் விந்தணுவும் உருவாக நடப்பது. இரட்டிப்பது ஒருமுறை, பிரிவதோ இருமுறை. இணைக் குரோமோசோம்கள் நெருங்கிவந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, விலகுகின்றன. மிஞ்சுவது 23. குன்றுவது எண்ணிக்கை மட்டுமே. அந்த விலகலில்தான் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது.

இதைக் கண்டு சொன்னவர்களுள் ஒரு பெண் உண்டு. நெட்டி ஸ்டீவன்ஸ், 1861இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக உழைத்துப் பணம் சேர்த்து, 35 வயதில் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். 1903இல் பிரின் மார் பெண்கள் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். கருவின் பாலைத் தாயின் உணவும் சூழலும் தீர்மானிக்கின்றன என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது.

அவர் எடுத்துக்கொண்டது மாவில் வளரும் ஒரு வண்டு. பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டில் 19 பெரியவை, ஒன்று சிறியது. அதனால் முட்டைகள் எல்லாம் ஒரே வகை. விந்தணுக்களோ இரண்டு வகை: பாதியில் 10 பெரியவை, மறுபாதியில் 9 பெரியவையும் அந்தச் சிறியதும். பாலைத் தீர்மானிப்பது விந்தணு என்று 1905இல் எழுதினார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் குரோமோசோம்களே பாலைத் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். வில்சனின் பெயர் நிலைத்த அளவுக்கு ஸ்டீவன்ஸின் பெயர் நெடுநாள் நிலைக்கவில்லை. மார்பகப் புற்றுநோயால் 1912இல் அவர் இறந்தபோது வயது 50.

மனிதரிலும் கணக்கு இதுதான். கருமுட்டை தருவது எக்ஸ் மட்டுமே. விந்தணு எக்ஸையோ ஒய்யையோ கொண்டுவரும். இது தெரிந்து நூறாண்டுக்கு மேலாகியும், "பொட்டப்புள்ளையாப் பெத்துப் போடுறா" என்ற பேச்சு தாயையே சுடுகிறது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்டது. போதும்பொண்ணு என்ற பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து நான் உரக்க வாசித்திருக்கிறேன். மகளின் பெயரிலேயே ஒரு தாயின் மீதான தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

பழியைத் தூக்கித் தந்தையின் தலையில் வைப்பது என் நோக்கமல்ல. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. பெண் பிறப்பது பழி என்றால்தானே சுமக்க ஆள் வேண்டும்? எண்ணிக்கை குன்றலாம், அதற்காக ஒருத்தி குன்ற வேண்டியதில்லை.