ரோப்கார் தூண்கள்

ரோப்கார் தூண் என்பது, அடிவார நிலையத்துக்கும் உச்சி நிலையத்துக்கும் இடையே ஓடும் எஃகுக் கம்பிவடத்தைத் தரைக்கு மேலே தாங்கி, அது போகவேண்டிய சாய்வுக்குத் திருப்பிவிடும் கட்டமைப்பு. பொறியாளர் பேச்சில் இது 'டவர்'. பழனியில் 2004 முதலும், சோளிங்கர், அய்யர்மலை ஆகிய கோயில் மலைகளில் 2024 முதலும் ரோப்கார் ஓடுகிறது. தாம்பரத்தை ஒட்டிய திருநீர்மலையும் ரோப்கார் அமைக்கப்படும் என்று இந்து சமய அறநிலையத் துறை அறிவித்த தலங்களுள் ஒன்று. சோளிங்கர் யோக நரசிம்மரைக் காண 1,305 படி, அய்யர்மலை இரத்தினகிரீசுவரரைக் காண 1,017 படி ஏற வேண்டும். மூட்டுவலிக்காரரும் மூச்சுத் திணறல் உள்ளவரும் ஊன்றுகோல் ஊன்றுவோரும் இன்று அந்த உயரத்தைச் சில நிமிடங்களில் கடக்கிறார்கள். பயணியின் கண் பெட்டியின் மேல்தான் இருக்கும்; அவர் உயிருக்குப் பொறுப்பு ஏற்பதோ பெரும்பாலும் தூணின் தலைப்பகுதி.

சுமையும் கோணமும்

மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டியவர்கள் அறிவார்கள்: கயிற்றை எவ்வளவு விறைப்பாக இழுத்தாலும் நடுவில் தொய்வு இருந்தே தீரும், தொய்வைக் குறைக்க மேலும் இழுத்தால் கம்பம் உள்பக்கம் சாயும். ரோப்காரிலும் தொய்வு உண்டு. ஆனால் வடத்தின் முழு இழுவிசையையும் ஏற்பவை இரு முனைகளில் உள்ள நிலையங்கள்தாம். இடைத்தூணில் வடம் கட்டப்படுவதில்லை. உருளைகளின் மேல் ஓடுகிறது. ஆகவே, தூணுக்கு வந்து சேர்வது வடம் அங்கே வளைவதால் பிறக்கும் விசை மட்டுமே.

கணக்கு எளிது. இரு தூண்களுக்கு இடையே 200 மீட்டர் தூரம், பெட்டிகளோடு சேர்த்து வடத்தின் எடை மீட்டருக்கு 10 கிலோ, இழுவிசை 10 டன் என்று கொள்வோம். மீட்டர் எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகுத்தால் நடுத்தொய்வு கிடைக்கும்: 5 மீட்டர். தூரத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு நான்கு மடங்காகி 20 மீட்டரைத் தொடும். தூண்களை எங்கெங்கே நடுவது, எவ்வளவு உயரம் கொடுப்பது என்ற முடிவுகள் எல்லாம் இந்த வர்க்கக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன.

அதே 10 டன் வடம் ஒரு தூணின் மேல் 6 பாகை வளைந்தால், தூணுக்கு வரும் விசை ஏறத்தாழ 1 டன். 30 பாகை வளைந்தால் 5 டன்னைத் தாண்டும். மலைச்சரிவு சட்டென மட்டமாகும் தோள்பட்டைப் பகுதியில் உள்ள தூண் மற்றவற்றைவிடப் பருத்திருப்பதற்குக் காரணம் இதுதான். விசை செங்குத்தாகக் கீழே இறங்குவதில்லை. வளைவுக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் திசையில் செல்கிறது. அதனால் சரிவில் நிற்கும் தூண்களைப் பல இடங்களில் வேண்டுமென்றே சாய்த்து நடுகிறார்கள்.

பள்ளம் வேறு வகையான சிக்கல். சரிவு உள்வாங்கிக் குழியும் இடத்தில், விறைத்த வடம் தூணை விட்டு மேலே எழும்பப் பார்க்கும். அங்கே உருளைகளை வடத்தின் மேற்பக்கம் வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். வடத்தைக் கீழிருந்து தாங்கும் தூண், பெட்டிகள் நிறைந்து ஓடும்போது சரியாக இருந்தாலும், அவை காலியாகி வடம் இலேசாகும்போது பிடியை இழக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு தூணையும் நிறைசுமை, வெறுமை, புறப்படும் வேகம், பிரேக் பிடிக்கும் அதிர்ச்சி என எல்லா நிலைகளுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

உறுப்புகள்

அடியில் கான்கிரீட் அடித்தளம். பாறை கிடைத்தால் அதைத் துளைத்து இறக்கிய நங்கூரக் கம்பிகள். அதன் மேல் உடற்பகுதி. பழைய தூண்கள் மின்கோபுரங்களைப் போலக் கோண இரும்பைப் பின்னிச் செய்தவை. புதியவற்றில் எஃகுக் குழாயே மிகுதி: காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் எதிர்ப்பு ஒரே அளவாக இருக்கும், துருப்பிடிக்கும் மூலைமுடுக்குகளும் குறைவு. ஆனால் படிப்பாதை மட்டுமே உள்ள மலைக்குக் கனத்த குழாயை ஏற்றுவது பெரும்பாடு. துண்டு துண்டாகத் தூக்கிச் சென்று முடுக்கிச் சேர்க்கக்கூடிய பின்னல் கோபுரத்தை அத்தகைய இடங்களுக்குப் பழைமை என்று ஒதுக்கிவிட முடியாது.

தலையில் குறுக்குக்கை. அதன் ஒரு முனையில் ஏறும் வடம், மறுமுனையில் இறங்கும் வடம். பக்கக் காற்றில் ஊசலாடும் பெட்டி தூணில் மோதாத அளவுக்கு இந்தக் கை நீண்டிருக்க வேண்டும். கையின் நுனியில் உருளைத் தொடர் தொங்குகிறது. ஒவ்வோர் உருளையும் சிறிதளவு கோணத்தையே திருப்ப முடியும் என்பதால் நான்கு, ஆறு, எட்டு எனச் சேர்த்து, இரண்டிரண்டாகத் துலாக்கோல் முறையில் இணைக்கிறார்கள். சுமை எல்லா உருளைகளுக்கும் சமமாகப் பிரியும். உருளையின் விளிம்பில் ரப்பர் பட்டை உண்டு. அதற்கு வெளியே, வடம் நழுவினால் கீழே விழாமல் ஏந்திக்கொள்ளும் கொக்கி. வடம் உருளையை விட்டு விலகியதும் முறிந்து, மின்சுற்றைத் துண்டித்து, மோட்டாரை நிறுத்தும் சிறு தண்டும் அங்கே இருக்கிறது. முழு அமைப்பிலும் மிகச் சிறிய பொருள்களுள் ஒன்று அது; மிக முக்கியமானவற்றுள்ளும் ஒன்று.

இவை ஒரே வடம் தாங்கவும் இழுக்கவும் செய்யும் அமைப்புக்குரியவை. தாங்குவதற்குத் தனி வடம் அசையாமல் நிற்க, இழுப்பதற்கு இன்னொரு வடம் ஓடும் அமைப்பில், தூணின் தலையில் தாங்குவடம் அமரும் நீண்ட வளைந்த சேணம் இருக்கும். அத்தகைய அமைப்பில் இடைத்தூரத்தை ஆயிரக்கணக்கான மீட்டருக்கு நீட்டலாம். ஜெர்மனியின் சுக்ஷ்பிட்ச மலையில் 2017இல் திறந்த ரோப்காரில் 127 மீட்டர் உயரமுள்ள ஒரே தூண். அந்தத் தடத்தின் ஓர் இடைத்தூரம் 3,213 மீட்டர். வியட்நாமில் காட் பா தீவுக்குச் செல்லும் தடத்தின் தூண் 214.8 மீட்டர் உயரம்.

பழனியும் காற்றும்

பழனி மலைக்குப் படிப்பாதை, யானைப்பாதை, 1966இல் தொடங்கிய விஞ்ச் எனும் இழுவை ரயில் எல்லாம் இருக்க, நான்காவது வழியாக ரோப்கார் வந்தது. நான்கு நான்கு பெட்டிகளாக இரு தொகுதிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஒரு தொகுதியின் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு தூணைக் கடப்பதால், அந்தத் தூணின் உருளைகள் அடுத்தடுத்துச் சுமை ஏறி இறங்கும் அதிர்வை வாங்குகின்றன. நாள்தோறும் மதியம் ஒரு மணி நேரம், மாதத்தில் ஒரு நாள், ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாதம் அல்லது அதற்கு மேல் எனப் பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்துவது இதனால்தான். வெளியூரிலிருந்து வந்து, நிறுத்தம் என்ற பலகையைக் கண்டு ஏமாறுவோரின் வருத்தம் நியாயமானது. அந்த நாள்களில்தான் உருளைகளின் ரப்பரும் பேரிங்குகளும் வடத்தின் இழைகளும் சோதிக்கப்படுகின்றன என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆனி, ஆடிக் காற்றில் பழனி ரோப்கார் அடிக்கடி நிற்கும். 2007இல் அங்கே நேர்ந்த விபத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். அய்யர்மலையில் சேவை தொடங்கிய சில நாள்களிலேயே காற்றால் ஓட்டம் தடைபட்டுப் பயணிகள் அந்தரத்தில் காத்திருக்க நேர்ந்தது. காஷ்மீரின் குல்மார்க்கில் 2017 ஜூன் 25 அன்று காற்றில் சாய்ந்த மரம் வடத்தின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தனர். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் திரிகூட மலையில் பெட்டிகள் நடுவானில் நின்றுபோய், விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து மீட்க 40 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூவர் உயிர் போனது. தூணில் ஏறிச் செல்ல ஏணியும், தலையில் நின்று வேலைசெய்ய நடைமேடையும், பக்கத்துப் பெட்டிக்குக் கயிற்றில் போகத் தெரிந்த ஆள்களும் எல்லா நேரத்திலும் இருந்தாக வேண்டும். செலவைக் குறைக்கக்கூடாத இடம் இது.

முன்னோடிகள்

இடைத்தூண்களின் மேல் ஓடும் கயிற்றுப்பாதையை 1644இல் இன்றைய போலந்தின் குதான்ஸ்கு நகரில் ஆடம் விபே அமைத்தார்; மரத்தூண்களின் மேல் சணல் கயிறு ஓட, கோட்டை அரணுக்கான மண் கூடைகளில் போயிற்று. எஃகுத் தூண்களுக்கு வழி திறந்தது 1834இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் சுரங்கத்துக்காக முறுக்கிய கம்பிவடம். சுவீடனில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாது கொண்டுசெல்ல 96 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடம் போட்டபோது கான்கிரீட் தூண்களை நட்டார்கள்.

தமிழ் நிலத்துக்குக் கம்பிவடப் பாதை சரக்கு வழியாகவே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்தது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது.

திருநீர்மலை, வண்டலூர், ஊரப்பாக்கம்

சென்னைக்குத் தெற்கே உள்ள ஊரப்பாக்கம் ஏரிகளும் மட்டமான நிலமும் கொண்ட ஊர். ஆனால் வடக்கே வண்டலூர்க் குன்றுகள் தொடங்கி, பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை வரை பாறைக் குன்றுகள் விட்டுவிட்டுத் தலைகாட்டுகின்றன. அந்த வட்டாரத்தில்தான் திருநீர்மலை இருக்கிறது. அடிவாரத்தில் நீர்வண்ணர், மேலே ரங்கநாதர். பழனி அளவுக்கு உயரமில்லாத இந்தக் குன்றுக்குச் சில தூண்களே போதும். ஆனாலும் பழனித் தூணின் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே நட முடியாது.

இந்தியத் தர நிறுவனத்தின் காற்றுச்சுமை விதிகளில், பழனிக்கு இருபுறமும் உள்ள மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சதுர மீட்டருக்கு அங்கே சுமார் 93 கிலோ என்றால் இங்கே 153 கிலோ. வேறுபாடு ஏறத்தாழ 64 விழுக்காடு. குன்றின் மேல் காற்று வேகமெடுப்பதற்கு அதே விதிகள் 1.36 மடங்கு வரை தனியே கூட்டச் சொல்கின்றன. இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயலில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை இப்பகுதி மக்கள் கண்டார்கள். அத்தகைய நாளில் ரோப்கார் ஓடாது. பெட்டிகளைக் கழற்றி நிலையத்துக்குள் வைத்துவிடலாம். தூணும் வடமும் வெளியில்தான் நிற்க வேண்டும். வடத்தின் இருபுறமும் எந்த மரம் சாய்ந்தாலும் எட்டாத அகலத்துக்கு வழி விட்டாக வேண்டும்.

சாதகமும் இருக்கிறது. இக்குன்றுகளின் பாறை சார்னோக்கைட். 1893இல் தாமஸ் ஹாலந்து பெயரிட்டு விளக்கிய கடினப் பாறை. வெடிப்பும் சிதைவும் இல்லாத இடத்தில் இதைத் துளைத்து இறக்கும் நங்கூரங்கள், மண்ணில் போடும் பெரிய கான்கிரீட் திண்டைவிடக் குறைந்த இடத்தில் அதிக உறுதி தரும். குவாரி வெடிகளால் விரிசல் கண்ட பகுதிகளும் இவ்வட்டாரத்தில் இருப்பதால், ஒவ்வொரு தூணின் இடத்திலும் துளையிட்டுப் பாறைத் துண்டை எடுத்துப் பார்க்காமல் அடித்தளம் போடலாகாது.

திருநீர்மலைக்கு ஒருபக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், மறுபக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். வடம் தடையாகும்போது என்ன நேரும் என்பதை 1983 ஜனவரி 29 அன்று சிங்கப்பூர் கண்டது. எண்ணெய்த் துரப்பணக் கப்பலின் கோபுரம் சென்டோசா ரோப்கார் வடத்தில் சிக்க, இரு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தனர். விமான நிலையங்களைச் சுற்றி எந்த இடத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று இந்திய விமான நிலைய ஆணையம் வண்ணம் பிரித்த வரைபடம் வைத்திருக்கிறது. குன்றின் உயரத்தோடு தூணின் உயரத்தையும் கூட்டிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டே தடையின்மைச் சான்று கேட்க வேண்டும்; விமானப்படையின் ஒப்புதலும் வேண்டும். உயரமான தூண்களுக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டையும் உச்சியில் இரவு விளக்கும் தேவைப்படும். உயரத்துக்கு வரம்பு வந்தால் தூண்கள் குட்டையாகும், அவற்றுக்கிடையே உள்ள தூரம் குறையும், எண்ணிக்கை கூடும்; படிப்பாதைக்கும் வீடுகளுக்கும் இடையே அவற்றுக்கு இடம் தேடும் வேலை அதற்குப் பின்னரே தொடங்கும்.