ஆறு எனும் பொதுவழி: தேம்ஸ் நதிப் பராமரிப்பின் வரலாறு

கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் தலைமை நீதிபதியாக விளங்கிய இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) கி.பி. 798இல் மறைந்தார். கலீஃபாவுக்காக அவர் இயற்றிய 'கிதாபுல் கராஜ்' வரி விதிப்பைப் பற்றிய நூலாயினும், நதிகளின் பராமரிப்பையும் ஆராய்கிறது. தத்தம் நிலங்களுக்கு நீர் கொண்டுசெல்லும் சிறு வாய்க்கால்களைத் தூர்வாரும் செலவு அந்நிலத்தாரையே சாரும். திஜ்லா, ஃபுராத் போன்ற பெருநதிகளின் கரைகளையும் மதகுகளையும் பேணும் செலவு பைத்துல் மாலைச் சாரும் என்பது அவருடைய முடிவு. மரக்கலங்களுக்கு இடையூறாக ஆற்றில் நிறுத்தப்படும் நீராலைகளை அகற்ற வேண்டும் என்றும் அவர் எழுதினார்.

ஆற்றைப் பொதுவழியாகக் கொள்ளும் எந்தச் சமுதாயமும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். வழியை மறிப்பவரைத் தடுப்பது யார்? வழியைப் பேணும் செலவை ஏற்பது யார்? இங்கிலாந்தின் தேம்ஸ் நதியில் இவற்றுக்கு விடை காண ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் ஆயின.

சுல்தான் ஸலாஹுத்தீனின் எதிரியாக நாம் நன்கறிந்த முதலாம் ரிச்சர்டு மன்னர், 1197இல் 1,500 மார்க் பணம் பெற்றுக்கொண்டு தேம்ஸ் நதியின் மீதான அரச உரிமையை இலண்டன் நகராட்சிக்கு அளித்தார். அவருடைய தம்பி ஜான் முத்திரையிட்ட 1215ஆம் ஆண்டின் மகா சாசனம், தேம்ஸிலும் பிற ஆறுகளிலும் உள்ள மீன்பிடி அடைப்புகளை அகற்றுமாறு ஆணையிட்டது. எனினும் ஆற்றின் மேற்பகுதியில் தடைகள் நீங்கவில்லை. ஆணை இருந்தது, அதை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர் அங்கு எவரும் இல்லை.

தடைகள் நிலைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மாவரைக்கும் நீராலைக்கு உயர்ந்த நீர்மட்டம் தேவை. அதற்காக ஆற்றின் குறுக்கே அணை கட்டி, அதன் ஒரு பகுதியைக் கழற்றக்கூடிய பலகைகளால் அடைத்தனர். படகு வரும்போது பலகைகளை உருவுவர். பாய்ந்தோடும் வெள்ளத்தோடு படகு கீழே இறங்கும்; மேலே செல்லும் படகையோ கயிறு கட்டி வெள்ளத்தை எதிர்த்து இழுக்க வேண்டும். ஆபத்து நிறைந்த முறை இது. ஒவ்வொரு முறையும் ஆலைக்காரர் தேக்கிய நீரை இழந்ததால் கட்டணம் கேட்டார். கோடையில் படகுகளைக் காக்கவும் வைத்தார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

இந்தப் பூசலைத் தணித்தது, 'லாக்' என வழங்கும் இரட்டைக் கதவு நீரறை. படகு உள்ளே நுழைந்ததும் ஒரு கதவு மூடப்படும். அறையின் நீர்மட்டத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ மறு கதவைத் திறப்பர். செலவாவது ஓர் அறை நீர் மட்டுமே. 1624ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம் ஆக்ஸ்ஃபோர்டு அருகே இஃப்லி, சாண்ட்ஃபோர்டு ஆகிய இடங்களில் இத்தகைய நீரறைகளைக் கட்டியது. 1771ஆம் ஆண்டுச் சட்டம் தேம்ஸ் போக்குவரத்து ஆணையத்துக்குக் கூடுதல் அதிகாரம் வழங்கவே, மெய்டன்ஹெட் முதல் சானிங் வரை எட்டு லாக்குகள் எழுந்தன.

கரையின் சிக்கல் வேறு வகையானது. தொடக்கத்தில் மனிதக் கூட்டங்களே படகுகளை இழுத்தன. குதிரைகளைப் பயன்படுத்தத் தொடர்ச்சியான இழுவைப் பாதை வேண்டும். கரையோ பல நிலவுடைமையாளர்களுக்கு உரியது. ஆணையம் அவர்களிடம் வழியுரிமையை விலைக்கும் குத்தகைக்கும் பெற்றது. இடம் கிடைக்காதபோது பாதை எதிர்க்கரைக்கு மாறியது. குதிரைகளை அக்கரை சேர்க்கப் பரிசல்துறைகள் ஏற்பட்டன. இன்றும் அப்பாதை அடிக்கடி கரை மாறுவது அந்தப் பேரங்களின் சுவடே.

ஆயினும் ஆணையத்தின் வருவாய் சரக்குப் படகுகளின் சுங்கத்தையே நம்பியிருந்தது. 1841இல் இலண்டன்-பிரிஸ்டல் இரயில் பாதை முழுமை பெற்றது. சரக்குகள் இரயிலுக்கு மாறின, சுங்கம் சரிந்தது, லாக்குகள் பாழடைந்தன. 1857இல் கீழ்ப்பகுதிக்கென நிறுவப்பட்ட தேம்ஸ் காப்பு வாரியத்திடம் 1866இல் மேற்பகுதியும் ஒப்படைக்கப்பட்டது. அப்போது செய்யப்பட்ட ஏற்பாடு முக்கியமானது: ஆற்றிலிருந்து இலண்டனுக்குக் குடிநீர் எடுத்த நிறுவனங்களும் பராமரிப்புச் செலவில் பங்கேற்க வேண்டியதாயிற்று. படகு செலுத்துவோர் மட்டுமன்றி ஆற்றால் பயன்பெறும் பிறரும் அதைப் பேணக் கடமைப்பட்டவர்கள் என்னும் கொள்கை இவ்வாறு சட்டமாயிற்று.

1996 முதல் இப்பொறுப்பு சுற்றுச்சூழல் முகமையிடம் உள்ளது. லெச்லேடு முதல் டெடிங்டன் வரை 45 லாக்குகள் இயங்குகின்றன. சரக்குப் படகுகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. வருபவை பெரும்பாலும் உல்லாசப் படகுகளே. இழுவைப் பாதையின் பெரும்பகுதி 1996இல் திறக்கப்பட்ட தேசிய நடைபாதையில் அடங்கிவிட்டது. படகுகளின் பதிவுக் கட்டணம் முழுச் செலவுக்கும் போதாது. அரசின் மானியமும் தேவைப்படுகிறது.

உல்லாசப் படகுகளுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா எனக் கேட்கத் தோன்றும். ஆனால் லாக் காவலரின் கடமை படகுக்குக் கதவு திறப்பதோடு முடிவதில்லை. மழை மிகும்போது அருகிலுள்ள அணையின் மதகுகளைத் திறந்து வெள்ளத்தை வடிப்பதும், வறட்சியில் அவற்றை அடைத்து நீர்மட்டத்தைக் காப்பதும் அக்கடமையில் அடங்கும். அந்த மட்டம் நிலைத்தால்தான் இலண்டனின் நீர்த்தேக்கங்களுக்கு நீர் எடுக்க இயலும். படகே ஏறாதவருக்கும் அந்தக் கதவுகள் பயன்படுகின்றன. பெருநதியின் செலவு பொதுக் கருவூலத்தைச் சாரும் என்று பாக்தாதில் இமாம் அபூ யூசுஃப் எழுதியதன் நியாயமும் இதுவே.