சின்ஃபோனியா (பரோக் இசை)

ஓபரா, ஓரட்டோரியோ, கண்டாட்டா போன்ற பெரும் படைப்புகளின் தொடக்கத்திலோ இடையிலோ, வாய்ப்பாட்டு இல்லாமல் வாத்தியக் குழு மட்டும் வாசிக்கும் இசைப் பகுதி சின்ஃபோனியா. இத்தாலியில் உருவாகி, பரோக் காலத்தில் (சுமார் 1600–1750) ஐரோப்பா முழுவதும் பரவியது.

1607இல் மாந்துவா நகரில் அரங்கேறிய மொன்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ ஓபராவில் சின்ஃபோனியாக்கள் காட்சிக்குக் காட்சி நிறம் மாற்றுகின்றன. கதை பாதாள உலகில் இறங்கும்போது வயலின்கள் ஓய்கின்றன. டிராம்போன்களின் கனத்த ஒலி அரங்கை நிறைக்கிறது. அதே நகரத்தைச் சேர்ந்த சலமோனே ரோஸ்ஸியும் அதே ஆண்டில் தம் முதல் சின்ஃபோனியாத் தொகுப்பை வெளியிட்டார்.

அந்த நூற்றாண்டின் இறுதியில் வடிவம் நிலைபெற்றது. நேப்பிள்ஸில் பணியாற்றிய அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டி தம் ஓபராக்களை துரிதம், விளம்பம், மறுபடியும் துரிதம் என்ற மூன்று பகுதிகள் கொண்ட சின்ஃபோனியாவோடு தொடங்கினார். பிரான்சில் லுல்லி வகுத்த முன்னிசையோ கம்பீரமான விளம்பத்தில் தொடங்கி, பிறகே வேகம் பிடிக்கும்.

சின்ஃபோனியாவின் குணத்தைத் தீர்மானித்தது அதன் வேலைதான். அரங்கின் சலசலப்பை அடக்கிக் கேட்போரின் காதுகளைத் தன்பக்கம் இழுக்க வேண்டும், நேரமோ குறைவு. ஆகவே முதல் பகுதி பளிச்சென்று எழும்பும். எடுத்த தாள நடை பெரும்பாலும் கடைசிவரை தளராது. ஒரு பகுதிக்கு ஓர் உணர்ச்சிதான். நடுப்பகுதி சில வரிகளில் முடிவதும் உண்டு. இறுதிப் பகுதி பெரும்பாலும் நடனத் துள்ளலோடு ஓடும். இரண்டு வயலின் அணிகள், வியோலா, கீழ்ச்சுரம் ஆகிய நான்கு இழைகளே அடிப்படை. கீழ்ச்சுர வரிமேல் குறித்த எண்களைப் பார்த்து ஹார்ப்சிகார்டு கலைஞர் சுரக்கூட்டுகளை அங்கேயே அமைத்து வாசிப்பார். இதற்கு ‘பாஸ்ஸோ கண்டினுவோ’ என்று பெயர். வால்வு இல்லாத அக்கால டிரம்பெட்டுகளுக்கு டி மேஜர் நன்கு பொருந்தியதால், விழாக்கால சின்ஃபோனியாக்கள் பல அந்தச் சுருதியில் அமைந்தன.

ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இந்த எல்லைகள் விரிந்தன. பாக் தம் தனி வயலின் பார்ட்டிட்டா ஒன்றின் முதல் பகுதியை ஆர்கனுக்கு மாற்றி, டிரம்பெட்டுகளும் டிம்பனியும் சேர்த்து, 1731இல் லைப்சிக் நகர மன்றத்துக்கான 29ஆம் கண்டாட்டாவின் சின்ஃபோனியாவாக்கினார். 1734இன் ‘கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோ’வில் நான்கு ஓபோக்கள் இடையர்களின் குழலிசையை நினைவூட்ட, புல்லாங்குழல்களும் வயலின்களும் எதிரொலிக்கின்றன. ஹாண்டெலின் ‘சாலமன்’ (1749) மூன்றாம் அங்கத்தைத் திறக்கும் துள்ளலான சின்ஃபோனியா, ‘ஷேபா அரசியின் வருகை’ என்ற பெயரில் இன்றும் தனியாக வாசிக்கப்படுகிறது.

ஓபராவைச் சாராத தனிக் கச்சேரிப் படைப்பாக இதை வளர்த்தவர்களில் மிலானின் சம்மார்த்தினி முதன்மையானவர். மான்ஹைமில் ஸ்டாமிட்ஸ் மினுவெட்டைச் சேர்த்து நான்கு பகுதிகளாக்கினார். ஆனாலும் 1750களின் இறுதியில் ஹெய்டன் எழுதிய முதல் சிம்பொனி டி மேஜரில், துரிதம்–விளம்பம்–துரிதம் என்ற பழைய மூன்று பகுதிகளிலேயே அமைந்தது.