ஆயிரம் ரூபாயை அவங்க என்ன பண்றாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் கதை குடியாத்தத்துல ஆரம்பிக்குது. என் அம்மா ஊர். கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குப் போயிருந்தேன். வைகாசி வெயில். பஜார்ல ஒரு ஏடிஎம் வாசல்ல நீளமா வரிசை. மகளிர் உரிமைத் தொகை வந்திருந்த நேரம்.

எனக்கு முன்னாடி ஒரு அக்கா, இடுப்புல குழந்தை. எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் பேசிக்கிட்டிருந்தாங்க. "இப்ப பாரு, நேரா ஃபேன்சி ஸ்டோருக்குத்தான் போவாங்க." அந்த அக்கா பணத்தை எடுத்தாங்க, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சாங்க, தெருவைத் தாண்டினாங்க. நேரா ஃபேன்சி ஸ்டோருக்குத்தான் போனாங்க. கண்ணாடி வளையல், குழந்தைக்கு ஒரு ஊதல்.

பின்னாடி நின்னவங்க சிரிச்சாங்க. அதை விடுங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். வளையல் எவ்வளவு இருக்கும், ஊதல் எவ்வளவு இருக்கும், மீதி எவ்வளவு. எனக்கு முன்னாடி ஒரு பேன்ட் போட்ட ஆள் அதே மெஷின்ல பத்தாயிரம் எடுத்துட்டுப் போனார். அவர் எந்தக் கடைக்குப் போனார்னு நான் பார்க்கவே இல்லை.

அந்தக் கணக்கு எனக்குள்ள எங்கிருந்து வந்தது? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

ஒரு பவுண்டு தானியம்

கொஞ்சம் பின்னாடி போவோம். 1876-ல இருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணத்துல பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. குடியாத்தம் அப்போ வட ஆர்க்காடு மாவட்டம். அந்த மாவட்டமும் பஞ்சத்துல சிக்கினதுதான். தென்னிந்தியா முழுக்க 50 லட்சம் பேருக்கு மேல செத்திருப்பாங்கன்னு வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுறாங்க.

அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. மண் வெட்டினா கூலி. சென்னையில இருக்கிறவங்க தினமும் தாண்டிப் போற பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கே, அதுல அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பகுதி அப்படிப் பஞ்ச வேலையில தோண்டினதுதான்.

செலவு கூடிப்போச்சுன்னு இந்திய அரசு ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரியை அனுப்பினது. 1877 ஜனவரியில அவர் கூலியைக் குறைச்சார். ஒரு ஆண் நாள் முழுக்க வேலை செஞ்சா ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். கூட ஒரு அணா. பெண்ணுக்கும் குழந்தைக்கும் இன்னும் கம்மி. காரணம் என்ன சொன்னாங்க? அதிகமா கொடுத்தா ஜனங்க அரசாங்கத்தையே நம்பிக் கெட்டுப்போயிடுவாங்க.

இதே டெம்பிள் மூணு வருஷத்துக்கு முன்னாடி, 1873–74 பிகார் பஞ்சத்துல, பர்மாவில இருந்து அரிசி இறக்கித் தாராளமா கொடுத்தவர். அங்கே பசியில செத்தவங்க ரொம்பக் குறைவு. அதுக்கு அவருக்குக் கிடைச்சது பாராட்டு இல்லை, "காசை வாரி இறைச்சுட்டார்"ங்கிற கண்டனம். அந்தப் பாடத்தைக் கத்துக்கிட்டுத்தான் மெட்ராஸ் வந்தார்.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ஒன்றரை பவுண்டு தானியமாவது வேணும், கூட காய்கறி, பருப்பு வேணும், இல்லைன்னா உடம்பு தாங்காதுன்னார். மாகாண அரசு பிறகு ஓரளவு கூட்டிக் கொடுத்தது. ஆனா "கொடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க"ங்கிற வாக்கியம் மட்டும் பஞ்சம் முடிஞ்ச பிறகும் சாகலை.

குடியாத்தம் எம்.எல்.ஏ.

இப்போ 1954. காமராஜர் ஏப்ரல்ல முதலமைச்சர் ஆகிறார். ஆனா அப்போ அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஒரு தொகுதியில நின்னு ஜெயிக்கணும். விருதுநகர்க்காரர் எங்கே நின்னார்? நம்ம குடியாத்தத்துல, இடைத்தேர்தல்ல. அவர் குடியாத்தம் எம்.எல்.ஏ.வா இருந்த காலத்துலதான், 1956-ல, பள்ளிகள்ல மதிய உணவுத் திட்டம் தொடங்குது. முதல்ல ஊர்மக்கள் கொடுத்த அரிசி, பருப்பு, நன்கொடையில. பிறகு அரசு பணம் சேர்ந்தது.

யோசனை புதுசு இல்லை. 1920-லயே நீதிக்கட்சிக்காரங்க கையில இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில பிள்ளைங்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. அப்புறம் 1967-ல தி.மு.க.வோட ரூபாய்க்கு மூணு படி அரிசி. ஆட்சிக்கு வந்ததும் ஒரு படிதான் முடிஞ்சது, அதுவும் சென்னையிலயும் கோவையிலயும்.

1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினப்போ விமர்சனம் பலமா வந்தது. பள்ளிக்கூடத்தைச் சாப்பாட்டுக் கூடமா ஆக்குறாங்க, இந்தக் காசுல தொழிற்சாலை கட்டலாமேன்னு படிச்சவங்க நிறைய பேர் பேசினாங்க. 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலமும் அரசுப் பள்ளிகள்ல சமைச்ச மதிய உணவு கொடுத்தாகணும்னு உத்தரவு போட்டது. வீண் செலவுன்னு பேர் வாங்கினது பத்தொன்பது வருஷத்துல நாட்டுக்கே சட்டம் ஆச்சு.

சோறு விஷயத்துல ஒரு வழியா ஊர் வாயை அடைச்சாச்சு. பசிச்ச பிள்ளைக்குச் சோறு போடுறதை யாராலயும் ரொம்ப நாள் திட்ட முடியாது. சண்டை அதுக்கப்புறம் வேற இடத்துக்குப் போச்சு.

பாட்டி வீட்டு கலர் டிவி

2006 தேர்தல்ல தி.மு.க. இலவச கலர் டிவி தர்றதா சொன்னது. ஜெயிச்சு, ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குக் கொடுத்தது. 2011-ல அ.தி.மு.க. முறை: மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அதே வருஷம் ரேஷன் அரிசியும் இலவசம்.

என் பாட்டி பீடி சுத்துறவங்க. குடியாத்தத்துல பீடி, தீப்பெட்டி, கைத்தறி லுங்கி, இந்த மூணுல ஒண்ணு இல்லாத தெரு கம்மி. மடியில முறம், ஈரம் பண்ணின இலை, கத்தரிக்கோல். வெட்டணும், தூள் வைக்கணும், சுருட்டணும், நூல் கட்டணும். ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. காலையில உட்கார்ந்தா ராத்திரி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராது. அவங்களுக்கும் டிவி வந்தது. கேபிள் போட்டாங்க.

சென்னையில இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் திண்ணையில உட்கார்ந்து சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "சோத்துக்கு ரேஷன் அரிசி, இதுல கேபிள் வேற." பாட்டி பதில் சொல்லலை. முறத்தைப் பார்த்துக்கிட்டே, "கை வேலை செய்யுது, காது சும்மாதானே இருக்கு" அப்படின்னாங்க. அவ்வளவுதான்.

காது சும்மா இருக்கிற அந்த நேரத்துக்கு என்ன மதிப்புன்னு ரெண்டு ஆய்வாளர்கள் பார்த்திருக்காங்க. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர். இந்தியக் கிராமங்களுக்கு கேபிள் டிவி வந்ததும் என்ன மாறுச்சுன்னு பார்த்து 2009-ல வெளியிட்டாங்க. தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதுல உண்டு. கேபிள் வந்த ஊர்கள்ல, மனைவியை அடிக்கிறது சரிதான்னு சொல்ற பெண்கள் குறைஞ்சிருந்தாங்க. ஆண் குழந்தைதான் வேணும்ங்கிற ஆசையும் குறைஞ்சிருந்தது. இலவச டிவியைப் பத்தின ஆய்வு இல்லை அது. ஆனா ஏழை வீட்டு டிவி வெறும் ஆடம்பரம்னு கையை உதறிட்டுப் போகவும் முடியாது.

டிவி விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2013 ஜூலையில தீர்ப்பு: தேர்தல் அறிக்கையில இப்படி வாக்குறுதி கொடுக்கிறது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனா அறிக்கைகளுக்குத் தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறி உருவாக்கணும்.

2018 நவம்பர்

தீபாவளிக்கு "சர்கார்" ரிலீஸ். இலவச மிக்ஸியையும் கிரைண்டரையும் ஜனங்க தீயில தூக்கிப் போடுற காட்சி. அ.தி.மு.க.வினர் போராட்டம் பண்ணினாங்க, காட்சியை வெட்டினாங்க. ரசிகர்கள் சில பேர் வீட்டு மிக்ஸியைப் போட்டு உடைச்சு வீடியோ போட்டாங்க. உடைச்ச மிக்ஸியில நாளைக்கு யார் கையால சட்னி அரைக்கணும்னு அந்த வீடியோவில யாரும் கேட்கலை.

அதே மாசம் சென்னை உயர் நீதிமன்றம், ரேஷன் அரிசி கடத்தல் சம்பந்தமான ஒரு வழக்குல, இலவசங்கள் மக்களைச் சோம்பேறி ஆக்கிடுச்சு, சின்ன வேலைக்குக்கூட வெளிமாநிலத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்குன்னு கருத்து சொன்னது. 1877-ல கேட்ட அதே குரல். கடத்தல் உண்மைதான், ஆந்திர எல்லை பக்கத்துல இருக்கிற எங்க ஊர்க்காரங்களுக்கு அது நல்லா தெரியும். ஆனா லாரி வெச்சுக் கடத்துறவர் வேற, இருபது கிலோ அரிசி வாங்க வரிசையில நிக்கிறவர் வேற.

இந்தப் பேச்சு ஒரு கட்சிக்குச் சொந்தமானது இல்லை. 2022-ல பிரதமர் "ரேவடி கலாசாரம்"னு சொன்னார். அதே வருஷம் செப்டம்பர்ல, மகளிருக்கு இலவச பஸ் கொடுத்த ஆட்சியோட அமைச்சர் பொன்முடியே மேடையில "ஓசி"ன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டார். கொடுக்கிற கையே அப்படிப் பேசினா, ஏடிஎம் வரிசையில நிக்கிறவங்க பேசுறது ஆச்சரியமா?

யாரோட காசு?

தோல் பெல்ட்டுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் வழக்குல பெரிய தீர்ப்பு கொடுத்தது. மாசுபடுத்தினவரே ஈடு கட்டணும்னு சொன்ன தீர்ப்பு. அந்தக் கழிவைச் சுத்தம் பண்ணப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினப்போ மத்திய, மாநில அரசுகள் மானியம் கொடுத்தது. மானியம் வாங்கினா முதலாளிங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு யாரும் கவலைப்படலை. அதுக்குப் பேரே "ஊக்குவிப்பு".

2019 செப்டம்பர்ல கம்பெனி வரியை 30 சதவீதத்துல இருந்து 22 சதவீதமா குறைச்சாங்க. அரசே சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும். அந்த மிச்சத்துல யாராவது புது கார் வாங்கினாங்களான்னு நாம எட்டிப் பார்த்தோமா?

பாட்டி பக்கம் பாருங்க. பீடித் தொழிலாளர் நல நிதின்னு 1976 சட்டத்துல ஒண்ணு உண்டு. மருத்துவம், பிள்ளைங்க படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட உதவி. பணம் எங்கிருந்து வந்தது? பீடி மேல போட்ட தனி வரியில இருந்து. பாட்டி சுத்தின ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கொஞ்சம் அந்த நிதிக்குப் போச்சு. ஜிஎஸ்டி வந்த 2017-ல அந்த வரியை எடுத்துட்டாங்க. என் மாமாவுக்கு அந்த நிதியில ஸ்காலர்ஷிப் வந்தப்போ தெருவுல அதுக்கும் பேர் "இலவசம்"தான்.

குடிச்சுடுவாங்களா?

எல்லாரும் கடைசியா வந்து நிக்கிற கேள்வி இது. உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் 2014-ல பல நாடுகள்ல நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தா மது, புகையிலைச் செலவு கூடுதா? கிட்டத்தட்ட எங்கேயும் கூடலை, சில இடங்கள்ல குறைஞ்சிருக்கு.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. தமிழ்நாட்டுல மதுக்கடை நடத்துறதே அரசாங்கம், 2003-ல இருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில. ஒரு கையில கொடுத்து இன்னொரு கையில வாங்குறாங்கன்னு சொன்னா அதுல உண்மை இருக்கு. மாநிலக் கடன் எவ்வளவு, இந்தத் திட்டம் நிலைக்குமா, இதுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குச் செலவு பண்ணலாமா? கேட்கணும், சத்தமா கேட்கணும். ஆனா அதெல்லாம் கோட்டையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. நாம அதை ஃபேன்சி ஸ்டோர் வாசல்ல நிக்கிற அக்காவைப் பார்த்துக் கேட்டுட்டு இருக்கோம். அவங்களைக் கேட்கிறது சுலபம், திருப்பிக் கேட்க மாட்டாங்க.

2023 செப்டம்பர் 15-ல தொடங்கின திட்டம் இது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாசம் ஆயிரம். வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாதுன்னு விதி உண்டு. கணக்குப் பார்க்கிற வேலை மனு போடும்போதே முடிஞ்சிடுது. பேர்லயும் "உதவி" இல்லை, "உரிமை"ன்னு வெச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள சம்பளமில்லாம பார்க்கிற வேலைக்கான மரியாதைன்னு அரசு சொல்லுது. சம்பளம்னா, வாங்கினவங்க வளையல் வாங்கலாம். என் சம்பளத்துல நான் போன மாசம் வாங்கின ஹெட்ஃபோனுக்கு யாருக்கும் விளக்கம் சொல்லலை.

அன்னிக்கு சாயங்காலம் சிரசு ஊர்வலக் கூட்டத்துல அந்த அக்காவை மறுபடி பார்த்தேன். குழந்தை ஊதலை ஊதிக்கிட்டே இருந்தது, பக்கத்துல நின்னவங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. மீதிப் பணத்தை என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய ஆள் நான் இல்லைன்னு புரிய எனக்கு இவ்வளவு வருஷ வரலாறு படிக்க வேண்டியிருந்தது.

உங்க வீட்டுல முதல் ரேஷன் அட்டை, முதல் சத்துணவுத் தட்டு, முதல் இலவச டிவி பத்தி யாராவது கதை சொல்லியிருந்தா எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.