லட்சுமி வெள்ளிக்காசு

மங்கல நாட்களில் வாங்கவும் பரிசளிக்கவும் அச்சிடப்படும் வெள்ளி வட்டு. பெயரில் காசு என்றாலும் செலாவணி அல்ல. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி நாணயம் வெளியிடும் உரிமை மத்திய அரசுக்கே உண்டு.

சென்னையில் இதன் பெரிய சந்தை தியாகராய நகர். அட்சய திருதியை, தீபாவளி நாட்களில் உஸ்மான் சாலை, பனகல் பூங்கா வட்டாரக் கடைகளில் 5, 10, 20 கிராம் காசுகள் பரபரப்பாக விற்கும். '999' முத்திரை ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும். விலையோடு 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும்.

தாமரையில் அமர்ந்த திருமகளும் இருபுறம் நீர் சொரியும் யானைகளுமே பெரும்பாலும் காணும் உருவம். இந்தக் கஜலட்சுமி வடிவம் ஈராயிரம் ஆண்டுப் பழமையான இந்திய நாணயங்களிலேயே உண்டு. இலங்கையில் கிடைத்த பழைய நீள்சதுர லட்சுமித் தகடுகளும் இதே மரபின. பிள்ளையார், பூரண கும்பம், ஓம் பொறித்த வெள்ளிக்காசுகளும் உண்டு. சீன மக்கள் வங்கியும் 2015 முதல் தன் நாட்டு மங்கலச் சின்னங்களுடன் வெள்ளி நினைவு நாணயங்கள் வெளியிடுகிறது. ஆனால் லட்சுமி வெள்ளிக்காசைப் போலன்றி, அவை அரசு நாணயங்கள்.

மயிலாப்பூர் வீடுகளில் சீர்த்தட்டிலும் பூஜையறையிலும் இடம்பெறும் லட்சுமி வெள்ளிக்காசு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். விபூதியால் துலக்குவது வழக்கம்.