கண் மூடாமல் சுடப் பழகியோர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்க யாழ்ப்பாணத்தார் பலர் மலாயா சென்றனர். அவர்களை மணந்து கப்பலேறிய பெண்களுள் எமது குடாநாட்டுப் பெண்கள் பாடசாலைகளில் படித்தோர் அநேகர். அவர்கள் கொண்டுபோன தையலையும் சங்கீதத்தையும் பற்றி மலர்களில் நிறைய எழுதியாயிற்று. அங்கே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் துவக்குத் தூக்கினார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அக்காலத்தில் இங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கடேற் படை, எமக்குச் சாரணியம். பெண் சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கி ஊரூராகப் பரவிற்று. முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்றோம். குறிசுடுதல் எம் பக்கம் வரவேயில்லை.

சிங்கப்பூரில் கதை வேறு. 1943 ஜூலை 12இல் சுபாஷ் சந்திரபோஸ் பெண்களின் கூட்டத்துக்கு வந்தபோது, சென்னையில் வைத்தியம் படித்த லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைச் சேலையுடன் றைபிள் ஏந்தி அணிவகுத்து நிற்க வைத்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 22இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணாலும் காணாத மலாயாத் தமிழ்ப் பெண்கள். றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் பலர். இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றில் ஈப்போவில் 1927இற் பிறந்த ராசம்மா நவரத்தினமும் அவருடைய சகோதரி பொன்னம்மாவும் அவர்களுடன் சேர்ந்தனர்.

அந்த .303 றைபிள் ஏறக்குறைய 4 கிலோ. பிடங்கு தோளில் உதைக்கும். வெடிச் சத்தம் காதை அடைக்கும். ஒருமுறை உதை வாங்கிய உடல் அடுத்த முறை முந்திக்கொள்ளும்: வெடி கிளம்புமுன்னே கண் மூடும், தோள் முன்னே தள்ளும், கை விசையை வெடுக்கென இழுக்கும். ரவை இலக்குக்குக் கீழே மண்ணில் புகும். இது கோழைத்தனமன்று, ஆண் பெண் எவருக்கும் வரும். திட்டினால் கூச்சம் கூடுமே தவிரக் குறையாது.

றைபிள் பழக்குவோர் கண்ட நல்ல மருந்து, சுடுபவருக்குத் தெரியாமல் உண்மை ரவைகளிடையே வெற்று ரவைகளைக் கலந்து வைப்பது. வெற்று ரவை வரும்போது சத்தமுமில்லை, உதையுமில்லை. ஆனாலும் குழாய் நுனி ‘டக்’கென்று தாழும். தன் கூச்சத்தைத் தானே காண்பதற்கு இதைவிட வழியில்லை. பிறகு ரவையே இல்லாமல், குழாய் நுனியில் ஒரு காசை வைத்து, அது விழாதபடி விசை இழுத்துப் பழகுவார்கள். .303இன் விசைக்கு இரண்டு கட்டங்கள். முதற்கட்டம் இலேசாக வரும். பிறகு ஒரு தடை. அங்கே மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குறியை மட்டும் பார்த்து, விரலை மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். எந்தக் கணம் வெடிக்கும் என்று சுடுபவருக்கே தெரியக் கூடாது. தெரியாத கணத்துக்கு உடல் எப்படி முந்தும்? பிடங்கைத் தோட்குழியில் இறுக்கிப் பிடிப்பதும் முக்கியம். இடைவெளி விட்டால் உதை இரட்டிக்கும்.

இதை எழுதும் நாம் வெடிச் சத்தத்துக்கு வேறுவிதமாகப் பழகியவர்கள். பங்கருக்குள் இருந்து ஷெல் விழுவதை எண்ணிய எமக்குக் கூசுவதே காவலாயிருந்தது. தீபாவளி வெடிக்கு இன்னும் தோள் சுருங்குகிறது. அதை மாற்ற நாம் முயலவில்லை. துவக்கைப் பற்றி இலேசாக எழுத இம்மண்ணில் எவராலும் முடியாது.

ஜான்சி ராணிப் படையினர் பர்மாவுக்குச் சென்றபோதிலும் களத்தில் சுட்டதைவிடக் காயப்பட்டோரைப் பராமரித்ததே அதிகம். 1945இல் ரங்கூனிலிருந்து பாங்கொக் நோக்கிப் பின்வாங்கிய நெடும் பயணத்தில் பெரும்பகுதியை நடந்தே கடந்தனர். பின்னர் ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பாடசாலைக்கு அதிபரானார். பெண் ஆசிரியர்களுக்கெனச் சங்கம் அமைத்துச் சம சம்பளத்துக்காகப் போராடினார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள சகோதரிகளே, உங்கள் அம்மம்மாமாரின் பெட்டிகளில் காக்கிச் சட்டையுடன் எடுத்த படம் ஏதும் கிடந்தால் பிரதியொன்றைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.